எழுத்தில் தங்கிய படங்கள்: தமிழில் மாற்றுப்பட விமரிசனம் கடந்து வந்த வழி

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழின் முதல் பேசும் படம் என்று வரலாற்று நூல்கள் அதனையே குறிக்கின்றன. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் ஒரு பிரதிகூட இன்று எஞ்சவில்லை. கதாநாயகி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசிய படம் அது என்று அறியும்போது, ஆந்திர எல்லையில் இரு மொழியும் புழங்கும் ஊத்துக்கோட்டையில் வாழும் நமக்குப் புன்முறுவல் தோன்றாமல் இராது. ஆயின், படமே இல்லாதபோது இச்செய்தி நமக்கு எவ்வாறு கிட்டியது? 'சுதேசமித்திரன்' முதலிய இதழ்களில் அந்நாளில் வெளிவந்த குறிப்புகளும் விளம்பரங்களுமே அதற்குத் துணை நின்றன. படச்சுருள் அழிந்துபோக, அதனைப் பற்றி எழுதப்பட்ட சில வரிகள் தங்கிவிட்டன.

பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டு மக்கள் திரண்டு கண்ட படத்துக்கே இந்நிலையென்றால், நண்பர்களிடம் கடன் வாங்கி எடுக்கப்பட்டு, ஒரு வாரம் ஓடியோ ஓடாமலோ மறைந்துபோன படங்களின் கதி என்ன? அத்தகைய படங்கள் தமிழில் எடுக்கப்பட்டன என்பதற்கும், அவை எவ்வாறு இருந்தன என்பதற்கும் எழுத்தே பெரும்பாலும் சான்றாக நிற்கிறது. அவ்வெழுத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வதும், நம் வட்டத்துக்கு அதில் ஒரு கடமை உண்டென்பதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். கடமை என்று நான் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. அதனை இறுதியில் சொல்வேன்.

பெயரும் தேவையும்

'கலைப்படம்', 'புதிய அலை', 'மாற்று சினிமா', 'சுயாதீனப் படம்' எனக் காலத்துக்கொரு பெயரில் இப்படங்கள் வழங்கிவந்துள்ளன. பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் முதலீடு, விநியோகஸ்தரின் முன்பணம், நட்சத்திர நடிகரின் கால்ஷீட் ஆகிய மூன்றையும் நம்பாமல் எடுக்கப்படுவது என்பதே இவற்றுக்குரிய பொது இலக்கணம் எனலாம். சில படங்களுக்கு அரசின் உதவி கிட்டியதுண்டு. 1960இல் மைய அரசு நிறுவிய திரைப்பட நிதிக் கழகம் 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' போன்ற படங்களுக்குக் கடன் தந்து ஒரு புதிய தலைமுறைக்கே வழிதிறந்தது. வேறு சில படங்கள் பொதுமக்கள் தந்த சிறுதொகைகளால் உருவாயின.

பெரிய படத்துக்குச் சுவரொட்டி உண்டு; வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு ஒலிக்கும்; நடிகரின் பெயரே பாதி விளம்பரம். அதற்கு விமரிசனம் வேண்டியதில்லை. விமரிசகர் எத்துணை கடுமையாக எழுதினும் முதல்வாரக் கூட்டம் குறைவதில்லை. சிறிய படத்தின் நிலை வேறு. அப்படி ஒரு படம் இருக்கிறது என்று வாசகன் அறிவதே ஒரு கட்டுரை வாயிலாகத்தான். அதனைத் தேடிப் பார்க்க அவனைத் தூண்டுவதும், பார்த்தபின் அவனோடு உரையாடுவதும், எடுத்தவருக்குத் தம் படைப்பு பிறர் கண்ணில் எவ்வாறு பட்டது என்று உணர்த்துவதும், பின்னாளில் ஆவணமாக நிற்பதும் அக்கட்டுரையே. இத்தனை சுமையையும் இரண்டு பக்க எழுத்து தாங்க வேண்டியிருக்கிறது.

எழுதியவர்களே எடுத்தவர்கள்

மாற்றுப்படம் உலகில் எங்கெங்கு வேர்கொண்டதோ அங்கெல்லாம் அதற்கு முன்னரே எழுத்து வந்திருக்கிறது. 1947இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைச் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் தொடங்கிய சத்யஜித் ராய், மறு ஆண்டே 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இந்தியப் படங்களின் குறைபாடு என்னவென்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது 1955இல். ஆக, கேள்விக்கும் விடைக்கும் இடையே ஏழு ஆண்டுகள். பிரான்சில் 1951இல் தொடங்கப்பெற்ற 'கையே து சினிமா' இதழில் ஆந்த்ரே பஸானின் அரவணைப்பில் எழுதிய இளைஞர்களான த்ரூஃபோவும் கோதாரும் அப்பத்தாண்டின் இறுதியில் இயக்குநர்களாயினர். அமெரிக்காவில் லித்துவேனிய அகதியாக வந்த யோனாஸ் மேகஸ் 1958 முதல் ஒரு நியூயார்க் வார இதழில் தொடர்ந்து எழுதி, எவரும் பொருட்படுத்தாத சிறு படங்களுக்கு வாசகரைத் தேடித் தந்தார். 1970இல் அப்படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றையும் நண்பர்களுடன் சேர்ந்து நிறுவினார். எழுத்து, படம், காப்பகம் என்ற மூன்றும் ஒரே பணியின் மூன்று பகுதிகள் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் தோழர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தை அமைத்தனர். ஏழு ஆண்டு கழித்து 'சுயம்வரம்' வெளிவந்தது. சங்கங்கள் ஊர்தோறும் பெருக, படத்தைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் அங்குப் பொதுப்பண்பாயிற்று.

தமிழில் தொடக்கம்

தமிழில் திரைப்பட எழுத்து இலக்கியவாதிகளின் கையில் பிறந்தது. 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசையையும் நாடகத்தையும் அலசிய கல்கி படங்களையும் தம் கிண்டல் நடைக்கு இரையாக்கினார். 1942இல் 'பேசும் படம்', 1947இல் 'குண்டூசி' எனத் திரைக்கென்றே இதழ்கள் தோன்றின. இவை பெருந்திரையைச் சார்ந்து வாழ்ந்தவை. சிறு படம் என்ற ஒன்றே அன்று இல்லாததால், அதைப் பற்றி அவை எழுதவில்லை என்று குறைகூறுவதும் பொருந்தாது.

1960இல் நிலை சற்று மாறியது. நாட்டுப் பிரிவினையின் துயரைச் சொன்ன 'சின்னமூல்' என்ற வங்கப் படத்தை எடுத்த நிமாய் கோஷ் சென்னைக்குக் குடிபெயர்ந்து, தொழிற்சங்க வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கினார். எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். அதில் பாடல் எழுதியவர்களுள் ஜெயகாந்தனும் ஒருவர். ஐந்தாண்டுகளில் ஜெயகாந்தனே தம் கதையான 'உன்னைப்போல் ஒருவன்' என்பதைப் படமாக்கினார். சேரி மக்களின் வாழ்வை ஒப்பனையின்றிக் காட்டிய அப்படம், அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் இந்திய அளவில் மூன்றாம் சிறந்த படத்துக்குரிய நற்சான்றிதழைப் பெற்றது. ஆனால் அவ்விருதைக் கொண்டாடிய தமிழருள் படத்தைக் கண்டவர் சிலரே. அதன் உருவாக்கமும் வெளியீட்டில் நேர்ந்த அல்லல்களும் இன்று நமக்குத் தெரிவது, தம் கலையுலக அனுபவங்களை ஜெயகாந்தனே பின்னர் நூலாக எழுதிவைத்ததால்தான். படைப்பாளியே தம் படத்துக்கு வரலாற்றாசிரியராகவும் ஆகவேண்டிய நிலை தமிழில் இப்படித் தொடங்கிற்று.

சங்கங்களும் சிற்றிதழ்களும்

1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு ராயைத் தலைவராகக் கொண்டு உருவானது. சங்கங்கள் தம் உறுப்பினர்க்கு மட்டும் காட்டும் அயல்நாட்டுப் படங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்குக் கிட்டியது. 1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கிய பி. கே. நாயர், சங்கங்களுக்குப் படச்சுருள்களை அனுப்பிவைப்பதைத் தம் கடமையாகவே கொண்டார். சென்னையில் அயல்நாட்டுப் பண்பாட்டு நிலையங்களின் சிறு அரங்குகளில் மாலைவேளைகளில் உலகப் படங்கள் ஓடின.

சென்னைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்த நம்மனோர்க்கு அவை எட்டாக்கனிகளே. மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் படம் முடிவதற்குள் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். ஆதலால் என் தலைமுறையினர் பல படங்களைப் பார்ப்பதற்கு முன்பு படித்தோம். சிற்றிதழ் ஒன்றில் வந்த கட்டுரையை வைத்துக்கொண்டு, காணாத காட்சிகளை மனத்தில் ஓட்டிப் பார்த்தோம். பின்னர், தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் பிறமொழிப் படங்களை ஒளிபரப்பத் தொடங்கியபோது, படித்த படம் வருகிறதா என்று வாரந்தோறும் காத்திருந்தோம். படித்ததும் பார்த்ததும் ஒத்துப்போன நாட்களும் உண்டு. கட்டுரையாசிரியர் கண்ட படமும் நாம் கண்ட படமும் வெவ்வேறோ என்று மயங்கிய நாட்களும் உண்டு.

இதே காலத்தில் இலங்கையிலும் ஒத்த முயற்சி நிகழ்ந்தது. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் 1977இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்துச் சூழலில் எடுத்தார். அது வணிக வெற்றி பெறவில்லை. ஆயினும், கே. எஸ். சிவகுமாரன், 'அலை' இதழின் அ. யேசுராசா போன்றோர் திரைப்படத்தைக் கலையாக மதித்து எழுதிவந்த மரபு அங்கு இருந்தமையால், இத்தகைய படங்கள் பேச்சிலிருந்து முற்றாக மறையவில்லை.

தமிழகத்தில் எழுத்திலிருந்து படத்துக்கு நேரே நடந்து சென்றவர் என்று ஜெயபாரதியைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர்களான பெற்றோர்க்குப் பிறந்து, இதழாளராகப் பணியாற்றியவர். தாம் எவ்வகைப் படத்தை விரும்பினாரோ அவ்வகைப் படத்தை எடுக்க முற்பட்டு, பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டி 1979இல் 'குடிசை' படத்தை உருவாக்கினார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமின் 'ஒடேசா' இயக்கம் மக்களிடம் பணம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்ததைப் பலரும் அறிவர். அதற்கு ஏழாண்டு முன்னரே தமிழில் இது நிகழ்ந்தது என்பதை நம்மவரே அவ்வளவாக எழுதவில்லை. ஜெயபாரதி 2024இல் மறைந்தார். அவர் பட்ட பாடுகளைச் சொல்வதும் அவரே எழுதிய நூல்தான்.

ஒரு கழுதையின் கதை

இவ்வரலாற்றின் நடுவே நிற்கும் நிகழ்ச்சி 1977இல் வெளிவந்த 'அக்ரகாரத்தில் கழுதை'. இயக்கியவர் ஜான் ஆபிரகாம். திரைக்கதை எழுதியவர், 'எழுத்து' இதழில் தொடங்கிப் பல்லாண்டுக் காலம் தமிழ்ச் சூழலைக் கடுமையாக விமரிசித்துவந்த வெங்கட் சாமிநாதன். தமிழ்ப் படங்களைக் குறித்து அவர் எழுதியவற்றில் சினம் மிகுதி. எதனையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத உள்ளம் அவருடையது. அப்படிப்பட்டவர் தாமே ஒரு திரைக்கதையை எழுதித் தந்தது, விமரிசகன் தன் அளவுகோலைத் தன் மீதே வைத்துப் பார்க்கத் துணிந்த செயலாகும்.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரியில் ஏளனம் எழவே, அதனைத் தம் சொந்த ஊர் அக்ரகாரத்தில் விடுகிறார். பேச இயலாத பெண் ஒருத்தி அதனைப் பேணுகிறாள். ஊரில் நேரும் தீமைகளுக்கெல்லாம் கழுதையே காரணம் என்று அதனை அடித்துக் கொல்கின்றனர். பின்னர் நன்மைகள் நிகழ்வதாக நம்பி அதனையே தெய்வமாக்க முனைகின்றனர். பேராசிரியராக நடித்தவர் எம். பி. சீனிவாசன். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்கே கிட்டியது. ஆயினும் தமிழகத்துத் திரையரங்குகள் அதனை ஏற்கவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுக் கடைசி வேளையில் நிறுத்திக்கொண்டது.

தடைவிதித்து ஒரு படத்தை அடக்குவது ஒரு முறை. அதைப் பற்றி ஒன்றும் பேசாமலே அடக்கிவிடுவது இன்னொரு முறை. இப்படத்துக்கு நேர்ந்தது இரண்டாவது. அந்த மௌனத்தைக் கலைத்தவை சிற்றிதழ்களில் வந்த சில கட்டுரைகளும், திரைப்படச் சங்கத் திரையிடல்களும், நூலாக வெளிவந்த திரைக்கதையுமே. 2013இல் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று இந்தியாவின் சிறந்த 100 படங்களைப் பட்டியலிட்டபோது அதில் இப்படம் இடம்பெற்றது. திரையரங்கு தராத ஆயுளை எழுத்து தந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பார்க்கக் கற்பித்தவர்கள்

இலக்கியவாதிகள் எழுதியதால் தமிழ்த் திரை விமரிசனத்துக்கு நல்ல உரைநடை வாய்த்தது. அதனாலேயே ஒரு குறையும் நேர்ந்தது. கதையை எடுத்துரைத்து, அது முற்போக்கா பிற்போக்கா என்று தீர்ப்பு வழங்கி, நடிப்புக்கு ஒரு வரி, பாட்டுக்கு ஒரு வரி ஒதுக்கினால் விமரிசனம் முடிந்தது என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. கேமரா எங்கே நின்றது, ஒரு காட்சி எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த ஓசை கேட்டது, எது காட்டப்படாமல் விடப்பட்டது என்பன எழுதப்படவில்லை. நாவலைப் படிப்பது போலவே படத்தையும் படித்தனர்.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் சதீஷ் பகதூர் முதன்மையானவர். புனேயில் அவரும் நாயரும் நடத்திய திரைப்பட ரசனை வகுப்புகளில் 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்சி காட்சியாக நிறுத்தி விளக்கும் முறை புகழ்பெற்றது. தமிழில் அம்ஷன் குமாரின் 'சினிமா ரசனை' என்ற நூல் இத்துறையில் ஒரு திருப்பம். ஷாட் என்பது யாது, படத்தொகுப்பு என்ன செய்கிறது என்பவற்றைப் பொதுவாசகனுக்குப் புரியும்படி அது கூறிற்று. அவரே பின்னர் கி. ராஜநாராயணனின் 'கிடை' என்ற கதையைத் தழுவி 'ஒருத்தி' என்ற படத்தை 2003இல் எடுத்தார். சு. தியடோர் பாஸ்கரன், திரைப்படம் முதலில் ஒரு காட்சிக் கலை என்பதைத் தம் நூல்களில் விடாமல் வலியுறுத்தினார். 1996இல் ஆங்கிலத்தில் வெளிவந்து தேசிய விருது பெற்ற அவரது நூல், தமிழில் 'பாம்பின் கண்' என்ற பெயரில் கிடைக்கிறது. இவர்களுக்கு முன்னரே அறந்தை நாராயணனின் 'தமிழ் சினிமாவின் கதை' திரைப்பட நூலுக்கான தேசிய விருதைப் பெற்றிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராக நின்று திரட்டிய தகவல்கள் 2004இல் பெருநூலாக வந்தபோது, ஓர் அரசுத்துறை செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு மனிதர் செய்து முடித்திருந்தார்.

கல்விப்புலத்தில் கார்த்திகேசு சிவத்தம்பி, எம். எஸ். எஸ். பாண்டியன் போன்றோர் சிறந்த ஆய்வுகளைத் தந்தனர். அவர்கள் நோக்கியது பெருந்திரைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை. மக்கள் பெருந்திரளாகக் கண்ட படங்களே அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஆகவே, சிலர் மட்டுமே கண்ட படங்களை எழுதிவைக்கும் வேலை சிற்றிதழ்களிடமே தங்கிற்று.

கையில் கேமரா வந்தபின்

வீடியோ கேமராவின் வருகை எடுப்போர் தொகையைப் பெருக்கியது. 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்க்காக நடந்த பேரணியின்போது தாமிரபரணியில் 17 உயிர்கள் பலியாயின. அந்நகரின் 'காஞ்சனை' திரைப்படச் சங்கத்தைச் சேர்ந்த ஆர். ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தில் அதனைப் பதிவுசெய்தார். மதுரையில் ஆர். பி. அமுதன் துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பைப் படமாக்கினார். 1998 முதல் ஆவணப்படங்களுக்கென விழாவும் நடத்திவந்தார். நமக்கு அணித்தாயுள்ள அரக்கோணம் பகுதியில், பெண் குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை லீனா மணிமேகலை 'மாத்தம்மா'வில் காட்டினார். அவரது 'செங்கடல்' தணிக்கைக் குழுவால் முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் 2011இல் சான்றிதழ் பெற்றது.

இப்படங்களுக்குத் திரையரங்கு இல்லை; ஆதலின் நாளிதழ்களின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இடமும் இல்லை. 2001 முதல் திருநாவுக்கரசு நடத்திய 'நிழல்' இதழ் இவற்றுக்கு இடம் தந்தது. அவ்விதழ் சார்பில் சிற்றூர்களில் நடந்த குறும்படப் பயிற்சி முகாம்களில் படித்த இளைஞர் பலர். யமுனா ராஜேந்திரன் அயல்நாட்டில் இருந்தவாறே அரசியல் படங்களைக் குறித்து விரிவாக எழுதினார். ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய 'உலக சினிமா' தொடர், சிற்றிதழ்களைக் கண்டிராத வீடுகளுக்கும் இவ்வுரையாடலைக் கொண்டுசென்றது. வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தைப் பற்றி அவரே இயக்கிய 'டு லெட்', 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்று, 2019இல் திரைக்கு வந்தது. ராய் நடந்த அதே வழியில், எழுத்திலிருந்து படத்துக்கு, தமிழில் இன்னொருவர் நடந்துசென்றார். 2021இல் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. அருண் கார்த்திக்கின் 'நசீர்' திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து பிறந்தது. எடுப்பவர்க்கு இன்று குறைவில்லை.

இரு குறைகள்

எழுதுபவர்க்கும் குறைவில்லை என்றே சொல்லவேண்டும். ஆயின் எழுதப்படுவது எத்தகையது என்பது வேறு வினா. கதையை மட்டும் சொல்லும் பழைய குறை இன்னும் நீங்கவில்லை. அதனுடன் இரண்டாவதாக ஒரு குறையும் சேர்ந்துகொண்டது. அது பரிவு.

சிறிய படம், ஏழை இளைஞன், நல்ல நோக்கம் என்ற மூன்றும் ஒருங்கே அமைந்தால், குறைகளைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. பெரிய படத்தைப் பத்துப் பக்கம் திட்டும் அதே பேனா, சிறிய படத்தின் முன் வாழ்த்துமடலாகிவிடுகிறது. இது நன்மை போலத் தோன்றும். எடுத்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்த படத்தை எப்படி எடுப்பது என்று அதிலிருந்து அவன் ஒன்றும் கற்க முடியாது. வாசகனும் ஓரிரு முறை ஏமாந்தபின் அவ்வகைப் பாராட்டை நம்புவதை விட்டுவிடுவான். அதற்குப் பின்பு உண்மையிலேயே சிறந்த படம் ஒன்று வந்தாலும் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நம் வட்டத்தில் ஒரு படம்

தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறேன். நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மாலை, நூல் அறிமுகம் முடிந்தபின், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலைபார்த்த ஓர் இளைஞர் தாம் கைப்பேசியில் எடுத்த குறும்படத்தைக் காட்டினார். சுவரில் வேட்டி கட்டித் திரையாக்கினோம். பதினைந்து மணித்துளிக்கும் குறைவான படம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளர் பற்றியது. முடிந்ததும் கைதட்டினோம். அம்மாத நம் மடலில் அதுபற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

எழுதினேன். தொழிலாளர் துயரைப் படம் உருக்கமாகச் சித்திரிப்பதாகவும், இளைஞரின் சமூக அக்கறை பாராட்டுக்குரியது எனவும், எதிர்காலத்தில் அவர் பெரும் இயக்குநராக வருவார் எனவும் எழுதினேன். உண்மையில் படத்தின் நடுப்பகுதி எனக்குச் சலிப்பூட்டியது. உரையாடல் பாதி கேட்கவில்லை. பின்னணியில் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட சோக இசை படத்தின் குரல்வளையை நெரித்தது. இவற்றுள் ஒன்றையும் நான் எழுதவில்லை. அவர் மனம் புண்படலாகாது என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகள் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். படம் இருந்த கணினிப் பெட்டி பழுதாகிவிட்டது. கைப்பேசியை முன்னரே விற்றுவிட்டார். வேறு பிரதி இல்லை.

"ஐயா, அப்ப நீங்க எழுதின மடல் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். நின்றவாறே படித்தார். இருமுறை படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"கதை இருக்குதுங்க ஐயா. படத்துல என்ன இருந்துச்சுன்னு இதுல இல்லீங்களே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தேடிவந்த பொருள் கிட்டாதவர் சொல்வது போலச் சொன்னார். பின்னர் ஒரு நன்றி சொல்லி, மடலை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

'காளிதா'ஸுக்குச் 'சுதேசமித்திரன்' செய்ததைக்கூட என் பக்கம் அவர் படத்துக்குச் செய்யவில்லை. அதைப் படிப்பவர் அப்படத்தின் நீளத்தை அறிய முடியாது. எந்த மாதம் எடுத்தது, யார் நடித்தது, எங்கே எடுத்தது என்று அறிய முடியாது. ஒரு காட்சியைக்கூடக் காண முடியாது. நான் பரிவு காட்டியதாக நினைத்துக்கொண்டு, பார்த்ததைப் பதிவுசெய்யும் கடமையிலிருந்து தப்பியிருக்கிறேன்.

ஆகவே நம் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே காட்டப்படும் ஒவ்வொரு குறும்படத்தையும், ஆவணப்படத்தையும் பற்றி எழுதுவோம். எழுதும்போது முதலில் நாள், இடம், நீளம், எதில் எடுக்கப்பட்டது, யார் யார் உழைத்தது என்பவற்றைக் குறிப்போம். அடுத்து, திரையில் கண்டதையும் செவியில் கேட்டதையும் ஒரு காட்சியேனும் முழுமையாக எழுதுவோம். அதன் பின்னரே நம் கருத்தைச் சொல்வோம். குறையிருப்பின், எடுத்தவர் எதிரே அமர்ந்திருப்பது போல நினைத்து, மரியாதையோடும் மறைக்காமலும் சொல்வோம். அப்பக்கத்தின் ஒரு பிரதியைக் கிளை நூலகத்தில் வைப்போம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

அவ்விளைஞரின் படத்தில் எனக்கு இன்னும் நினைவிருக்கும் ஒரு காட்சியை, காலம் தாழ்ந்தேனும், இங்குப் பதிவுசெய்கிறேன். விடியற்கு முந்தைய இருட்டில் கம்பெனிப் பேருந்து ஆரணியாற்றுத் தரைப்பாலத்தில் இறங்குகிறது. கேமரா பேருந்தினுள் கடைசி இருக்கையில் இருக்கிறது. விளக்கு அணைந்திருப்பதால் உறங்குவோரின் தலைகள் மட்டும் கருநிழலாகத் தெரிகின்றன. பாலத்தின் மேடுபள்ளத்தில் பேருந்து குலுங்கும்போது எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் அசைந்து, ஒரே நேரத்தில் அடங்குகின்றன. எவரும் விழிக்கவில்லை. அந்த ஒரு காட்சியில் இசை இல்லை. எஞ்சினின் ஓசை மட்டும். அரை மணித்துளி நீடித்திருக்கும். முன்கண்ணாடியில் நம் ஊர் விளக்குகள் மெல்லத் தோன்ற, காட்சி முடிகிறது. இன்று வண்டிகள் உயர்மட்டப் பாலத்தின் மீது செல்கின்றன. அந்தக் குலுக்கல் இல்லை. படத்திலேயே சிறந்த பகுதி அதுதான். அன்றே இதனை எழுதி, மற்றக் காட்சிகளிலும் அந்த இசையை நீக்கிவிடுங்கள் தம்பி என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.